பின்னி மில் நடை: துண்டறிக்கையில் ‘கருங்காலி’ இருக்கலாமா?

பேரக்ஸ் ரோடு பேரன் | ஞாயிறு, இரவு 9:40

நண்பர்களே, ஆகஸ்ட் கடைசி ஞாயிறு காலையில் பின்னி மில்லைச் சுற்றி ஒரு வரலாற்று நடை வைத்திருக்கிறோம். சென்னை தினம் வந்தால் எல்லோரும் கோட்டைக்குப் போகிறார்கள், மயிலாப்பூர் மாடவீதிக்குப் போகிறார்கள். வட சென்னைப் பக்கம் வருகிறவர்களும் ராயபுரம் ஸ்டேஷனைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பெரம்பூருக்கு யாரும் வருவதில்லை. அதனால் தெருப் பசங்க ஆறு பேர் சேர்ந்து இதை எடுத்துச் செய்கிறோம். கட்டணம் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் கொண்டு வந்தால் போதும்.

துண்டறிக்கைக்கு எழுதியது இது. பிழை இருந்தால் சொல்லுங்கள்:

“மில்லுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரிடமும் ராமானுஜலு நாயுடுவிடமும் தொழிலாளர்கள் வந்து குறை சொல்லி அழுததில் தொடங்கியது எல்லாம். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் இதுதான். 1921-ல் ஐந்து மாதம் நடந்த வேலைநிறுத்தம் கருங்காலிகளால் தோற்றது.”

பேரக்ஸ் ரோட்டில் சங்கத்தின் ஆரம்பக் கூட்டங்கள் நடந்த தோட்டம் இருந்த பக்கம் தொடங்கி, பழைய மில் வாசலில் முடிப்பதாகத் திட்டம்.


கன்னிகாபுரம் கொள்ளுப்பேத்தி | ஞாயிறு, இரவு 10:25

தம்பி, நல்ல வேலை செய்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் ஒரு சொல் இருக்கிறது பாருங்கள், அதைப் படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

கருங்காலிகள் என்றால் யார்? பேர் போடாமல் விட்டிருக்கிறீர்கள். நான் சொல்கிறேன். புளியந்தோப்புச் சேரியிலிருந்து மில்லுக்குப் போன ஆதிதிராவிடர்கள். என் கொள்ளுத்தாத்தா அவர்களில் ஒருவர். எங்கள் வீட்டில் அந்த வருஷத்தைப் பற்றிப் பேசும்போது ‘ஸ்டிரைக்கு’ என்று யாரும் சொன்னதில்லை, ‘குடிசை எரிஞ்ச வருஷம்’ என்றுதான் பாட்டி சொல்வார். 1921 ஜூன் கடைசியில் எரிந்த குடிசைகள் அவை. உங்கள் அறிக்கையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

உங்கள் நடை மில் வாசலில் முடிகிறது. அங்கிருந்து புளியந்தோப்பு எவ்வளவு தூரம்? பெரம்பூரிலிருந்து நடந்து வருகிறவர்களுக்கு அது ஒரு தூரமே இல்லை.


தறிக்கட்டு | திங்கள், காலை 6:15

அம்மா, வணக்கம். நான் அந்த மில்லில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவன். 1996-ல் கதவை மூடியபோது வெளியே வந்தவர்களில் ஒருவன். அதற்கு முன்னால் என் அப்பாவும் அங்கேதான்.

‘கருங்காலி’ என்பது சாதிப் பேர் இல்லை. வேலைநிறுத்தம் நடக்கும்போது உள்ளே போகிறவன் எவனாக இருந்தாலும் அவனுக்கு அதுதான் பேர். என் சொந்தச் சித்தப்பாவை எங்கள் அப்பா அப்படித்தான் கூப்பிட்டார், பத்து வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. அவர் எந்தச் சேரியிலும் பிறக்கவில்லை.

1921-ல் என்ன நடந்தது என்று பார்ப்போம். அதற்கு முந்தைய வருஷம் கம்பெனி வாடியா மேலும் சங்கத்துக்காரர்கள் மேலும் ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது. சங்கம் வைத்து வேலையை நிறுத்தச் சொன்னதால் நஷ்டம் என்று வழக்கு. கோர்ட்டும் தடை போட்டது. சங்கம் வைப்பதே குற்றம் என்கிற நிலை. அந்த வழக்கு கிளப்பிய சூட்டில்தான் 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இன்றைக்கு இந்த நாட்டில் எந்த ஆபீஸில் எவன் சங்கம் வைத்தாலும் அவன் பெரம்பூர்க்காரனுக்குக் கடன்பட்டவன். இதைச் சொல்லத்தானே நடை? அதில் போய்ச் சண்டையை முதலில் வைத்தால் கம்பெனிக்காரன் நூறு வருஷம் கழித்தும் சிரிப்பான். பிரித்தவன் அவன்தான்.


பழைய காகிதம் | திங்கள், காலை 9:05

இருவருக்கும் நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். தேதிகளை மட்டும் சரியாக வைத்துக்கொள்வோம், அப்புறம் சண்டை போடலாம்.

நாம் பின்னி மில் என்று சொல்வது பக்கிங்ஹாம், கர்னாடிக் என்ற இரண்டு மில்களை. 1920 அக்டோபரில் பக்கிங்ஹாம் மில்லில் கதவடைப்பு. டிசம்பரில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள். 1921 ஜனவரியில் சமரசம். கம்பெனி வழக்கைக் கைவிடும், பதிலுக்கு வாடியா சங்கத்தை விட்டு விலகுவார், 13 தொழிலாளர்களுக்கு வேலை கிடையாது. அதாவது தொழிலாளி மூன்று மாதம் பட்டினி கிடந்து கடைசியில் தலைவரை இழந்ததுதான் மிச்சம்.

அதே வருஷம் மே 20-ல் கர்னாடிக் மில் நூற்புப் பிரிவில் மறுபடி வேலைநிறுத்தம். ஜூன் 20-ல் பக்கிங்ஹாம் மில்லும் சேர்ந்தது. இந்தக் கட்டத்தில்தான் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதி வேலைக்குப் போக முடிவு செய்கிறது. சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே, ஆதிதிராவிடர்கள் உள்ளே. ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் கலவரம். ஆகஸ்ட் 29-ல் போலீஸ் துப்பாக்கிச்சூடு. அக்டோபரில் எதுவும் கிடைக்காமலே வேலைநிறுத்தம் முடிந்தது.

பேரன், உங்கள் நடை ஆகஸ்ட் 29-ஐ ஒட்டி வருகிறது. இது தெரிந்து வைத்த தேதியா, தற்செயலா?


பேரக்ஸ் ரோடு பேரன் | திங்கள், காலை 9:30

தற்செயல்தான் சார். ஞாயிற்றுக்கிழமை என்றுதான் பார்த்தோம். இப்போது கொஞ்சம் உதறலாக இருக்கிறது.


சூளை சைக்கிள் | திங்கள், மதியம் 1:10

ஒரு சின்னக் கேள்வி. இப்போது தெருவுக்குத் தெரு கருங்காலி மாலை விற்கிறான். என் மச்சான் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கிக் கழுத்தில் போட்டிருக்கிறான், வியாபாரம் ஓடுமாம். பழைய மில் தொழிலாளி ஒருத்தர் அவனைப் பார்த்து “என்னப்பா, விளம்பரம் போட்டுக்கிட்டே சுத்துற?” என்று கேட்டார். அவனுக்குப் புரியவே இல்லை.

அந்த அளவுக்குச் சொல்லுக்கு அர்த்தம் மறந்துபோன ஊரில் நீங்கள் இதற்குச் சண்டை போடுகிறீர்களே. சரி, நடை முடிந்ததும் டிபன் உண்டா?


கன்னிகாபுரம் கொள்ளுப்பேத்தி | திங்கள், மாலை 7:50

சைக்கிள் தம்பி, உங்கள் மச்சானுக்கு மறந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு மறக்கவில்லை. அதுதான் பிரச்சினை.

தறிக்கட்டு ஐயாவுக்கு: நீங்கள் ‘எவனாக இருந்தாலும் அதுதான் பேர்’ என்கிறீர்கள். உங்கள் சித்தப்பாவோடு பத்து வருஷம் பேசாமல் இருந்தீர்கள். சரி. அவர் வீட்டைக் கொளுத்தினீர்களா?

ஜனவரி சமரசத்துக்குப் பின் நடந்ததை யோசித்துப் பாருங்கள். மூன்று மாதக் கதவடைப்பு முடிந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. சங்கத்தில் எல்லோரும் உறுப்பினர்தான், ஆனால் எல்லோருடைய பட்டினியும் ஒன்றில்லை. கொஞ்சம் நிலம், ஊரில் அண்ணன் தம்பி, கடையில் கடன் சொல்லும் உரிமை, இவை இருப்பவனுக்கு ஐந்து மாதம் தாங்கும். சேரிக்காரனுக்கு எந்தச் செட்டியார் கடையில் ஐந்து மாதம் கணக்கு ஓடும்? அந்தக் காலத்தில் சில கடைகளில் படியேறவே முடியாது. முதல் கதவடைப்பில் எங்கள் ஆட்களும் வெளியேதான் நின்றார்கள். அப்போது யாரும் எங்களைக் கருங்காலி என்று சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை.

எம்.சி. ராஜா வேலைக்குப் போகச் சொன்னார் என்று குற்றம் சொல்வார்கள். அவர் அப்போது சட்டசபையில் எங்களுக்கு இருந்த முக்கியமான ஆதரவு. அடுத்த வருஷமே, 1922 மார்ச்சில், பஞ்சமர், பறையர் என்ற சொற்களை விட்டு ‘ஆதிதிராவிடர்’ என்று அரசாங்கம் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்ததென்றால் அது அவர் கொண்டுவந்த தீர்மானத்தால். ஒரு சொல்லை மாற்றுவதற்கு அவ்வளவு பாடுபட்ட மனிதரின் ஜனங்களை, நூறு வருஷம் கழித்து ஒரு துண்டறிக்கையில் இன்னொரு சொல்லால் கூப்பிடுகிறீர்கள்.


தறிக்கட்டு | திங்கள், இரவு 9:20

வீட்டைக் கொளுத்தியதை நான் நியாயப்படுத்தவில்லை அம்மா. தப்பு தப்புதான். யார் கொளுத்தினாலும்.

ஆனால் ராஜா சொன்னதையும் முழுசாகச் சொல்லுங்கள். காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தோடு சேர்ந்துவிட்டது இந்த ஸ்டிரைக், அதனால் எங்கள் ஆட்கள் விலகி இருக்க வேண்டும் என்றார். வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு அது தேன். கம்பெனிக்கு அதைவிடத் தேன். திரு.வி.க.வையும் மற்றவர்களையும் நாடுகடத்திவிடுவேன் என்று கவர்னர் வெலிங்டன் மிரட்டினார். போலீஸ் யார் பக்கம் நின்றது? மில்லுக்குள் போகிறவனைக் காவல் வைத்துக் கூட்டிக்கொண்டு போனது. வெளியே நின்றவனைச் சுட்டது. இதில் கோபம் வராதா?

இன்னொன்று. நீங்கள் கடன், நிலம் என்று சொன்னது சரி, நான் ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் சங்கம் அவர்களுக்கு அரிசி வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். வேலைநிறுத்த நிதி என்ற ஒன்று ஒழுங்காக இருந்திருக்க வேண்டும். அது சங்கத்தின் தோல்வி. சாதி வெறி என்று ஒரே கோட்டில் முடித்துவிடாதீர்கள்.


கன்னிகாபுரம் கொள்ளுப்பேத்தி | திங்கள், இரவு 9:45

அரிசி கொடுக்காதவர்கள் தீ மட்டும் கொடுத்தார்கள் என்றால் நான் எந்தக் கோட்டில் முடிப்பது ஐயா?


பழைய காகிதம் | செவ்வாய், காலை 8:40

தறிக்கட்டு ஐயா விட்ட ஒரு பக்கத்தைச் சேர்க்கிறேன், ஏனென்றால் ‘கம்பெனி பிரித்தது’ என்பதோடு கதை நிற்கவில்லை.

அப்போது மாகாணத்தில் ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. பிராமணரல்லாதார் எல்லோருக்குமான கட்சி என்று சொல்லிக்கொண்டது. எம்.சி. ராஜாவும் அதில்தான் இருந்தார். கலவரம் வந்ததும் கட்சியின் பத்திரிகையும் தலைவர்கள் சிலரும் அரசாங்கத்தின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுத்ததுதான் காரணம் என்று எழுதினார்கள், பேசினார்கள். குடிசை இழந்தவர்களுக்கு வியாசர்பாடியில் அரசாங்கம் முகாம் போட்டதையே ஒரு சலுகையாகப் பார்த்தார்கள். வேலைநிறுத்தக்காரர்களில் பெரும்பான்மை எந்தச் சாதியோ அதே சாதிகள்தான் கட்சியின் அடித்தளமும். 1923-ல் ராஜா கட்சியை விட்டு வெளியேறினார். புளியந்தோப்பு அதற்கு முக்கியமான காரணம்.

ஆக கம்பெனி பிரித்தது என்றால், பிரிப்பதற்கு ஏற்கெனவே விரிசல் இருந்தது. ஒரே மில்லில் ஒரே சங்குக்கு வேலைக்குப் போனவர்கள், மாலையில் வேறு வேறு தெருவுக்குத் திரும்பினார்கள். சங்கம் வாசலில் ஒன்றாக நின்றது, தெருவில் ஒன்றாக இல்லை.


சூளை சைக்கிள் | செவ்வாய், காலை 10:00

மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறதே, 1959-ல் வைத்தது. நாலு பேர் பாறையை நெம்புகிறார்கள். ஸ்கூல் டூரில் போகும்போது இவன் யார் அவன் யார் என்று நாங்கள் பேர் வைத்து விளையாடுவோம். இந்த விவாதத்தைப் படித்த பிறகு அதில் புளியந்தோப்புக்காரர் யார் என்று தேடத் தோன்றுகிறது.

டிபன் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.


மாம்பலம் டிராம் | செவ்வாய், மதியம் 12:20

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. நடை என்பது நடை. இரண்டு மணி நேரம். மக்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். மில்லின் கட்டடம், காக்கித் துணி, கம்பெனி நடத்திய பள்ளிக்கூடம், தொழிலாளர் குடியிருப்பு, இப்படி நல்ல விஷயங்கள் எவ்வளவோ இருக்கின்றன. அந்த நாளில் வேறு எந்த மில்லும் தொழிலாளிக்கு இவ்வளவு செய்யவில்லை என்பார்கள். சாதிக் கலவரத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏன் கிளற வேண்டும்? பழைய புண்.


தறிக்கட்டு | செவ்வாய், மதியம் 12:45

டிராம் சார், உங்களைவிட அந்த அம்மா பரவாயில்லை.

பள்ளிக்கூடம் நடத்தினான், உண்மை. சங்கம் கேட்ட முதல் கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? சாப்பாட்டு இடைவேளையைக் கொஞ்சம் நீட்டிக் கொடு என்பது. வாயில் சோற்றை வைத்துக்கொண்டே வாசலுக்கு ஓடினார்கள் ஜனங்கள், சங்கு ஊதிவிட்டால் கதவு அடைத்துவிடும். பள்ளிக்கூடம் கட்டத் தெரிந்தவனுக்குப் பத்து நிமிஷம் கொடுக்கத் தெரியவில்லை.


கன்னிகாபுரம் கொள்ளுப்பேத்தி | செவ்வாய், மதியம் 1:05

முதல் முறையாக ஐயாவோடு ஒத்துப்போகிறேன். பழைய புண் என்று சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் அந்தப் புண் இருக்காது.

ஒரு விஷயம் யோசியுங்கள். கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் இருந்தவர்களை வண்டியில் ஏற்றிக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இறக்கிவிடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வியாசர்பாடி முகாம் என்று காகிதக்காரர் எழுதியதைப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் இந்த ஊரில் சண்டை எங்கே நடந்தாலும் இடம் மாற்றப்படுவது யார் என்பது மட்டும் மாறுவதில்லை. அதனால்தான் நடை புளியந்தோப்புக்குள் வர வேண்டும் என்கிறேன். எங்களுக்கு அனுதாபம் காட்ட இல்லை. எந்தத் தெரு எரிந்ததோ அந்தத் தெருவில் நின்று ஒரு தடவை சொல்லுங்கள், அவ்வளவுதான்.


தறிக்கட்டு | செவ்வாய், இரவு 8:30

நாள் முழுக்க யோசித்தேன். ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

எனக்குப் பயம் எதில் என்றால், இந்தப் பிளவை மட்டும் பேசிப் பேசிக் கடைசியில் சங்கமே வீண் என்று ஆகிவிடும். இன்றைக்கு மில் நிலத்தில் அடுக்குமாடி நிற்கிறது. நடுவில் கொஞ்ச காலம் சினிமா செட் போட்டார்கள், எங்கள் தறி ஓடிய ஷெட்டில் வில்லன் ஆட்கள் அடி வாங்கினார்கள். என் பேரன் ஒரு கம்பெனிக்கு மோட்டார் பைக்கில் சாப்பாடு கொண்டு போகிறான். அவனுக்கு லீவு கிடையாது, சங்கம் கிடையாது. ‘உங்க காலத்துல ஒற்றுமை இருந்துச்சு தாத்தா’ என்கிறான். இருந்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது போய் இல்லை என்று சொல்லவா?

1921-ல் தோற்று இரண்டு வருஷம் முடிவதற்குள், 1923 மே முதல் தேதி சிங்காரவேலர் இதே ஊரில், ஐகோர்ட்டுக்கு எதிர்க் கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் மே தினம் கொண்டாடினார். இந்தியாவிலேயே முதல் தடவை. தோற்ற ஊரில்தான் அது நடந்தது. அதையும் சொல்லுங்கள்.


கன்னிகாபுரம் கொள்ளுப்பேத்தி | செவ்வாய், இரவு 9:00

பேரனிடம் சொல்லுங்கள் ஐயா. ஒற்றுமை பாதி இருந்தது, மீதிப் பாதிக்கு யாரும் எங்கள் தெருவுக்கு வரவில்லை என்று. சாப்பாடு கொண்டு போகும் பசங்களில் எங்கள் தெருப் பையன்களும் இருக்கிறார்கள். ஒருவேளை உங்கள் பேரனுக்கு அவர்களைத் தெரிந்திருக்கும்.


பேரக்ஸ் ரோடு பேரன் | புதன், காலை 7:10

இரவெல்லாம் படித்துவிட்டு மாற்றி எழுதியிருக்கிறேன். கடைசி வரிக்குப் பதில் இப்போது இப்படி:

“1921 மே முதல் அக்டோபர் வரை நடந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்களிடையே பிளவு ஏற்பட்டது. புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிக்கப்பட்டன. ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் சுட்டதில் வேலைநிறுத்தக்காரர்கள் இறந்தார்கள். போராட்டம் தோற்றது.”

வழியையும் மாற்றிவிட்டோம். மில் வாசலில் தறிக்கட்டு ஐயா பேசுவார். அங்கிருந்து நடந்து புளியந்தோப்பு. அங்கே கொள்ளுப்பேத்தி அக்கா பேசுவார். ஏழு மணிக்கே தொடங்கிவிடலாம், வெயில் ஏறுவதற்குள். டிபனுக்குப் பட்டாளம் பகுதியில் சொல்லியிருக்கிறோம், சைக்கிள் அண்ணனுக்காக.


தறிக்கட்டு | புதன், காலை 7:25

வருகிறேன். ஆனால் “பிளவு ஏற்பட்டது” என்று எழுதியிருக்கிறாய் தம்பி. மழை ஏற்பட்டது, புயல் ஏற்பட்டது என்கிற மாதிரி. பிளவு தானாக ஏற்படுமா? பிளந்தது யார் என்று போடு.


கன்னிகாபுரம் கொள்ளுப்பேத்தி | புதன், காலை 7:31

அதேதான் நானும் எழுத வந்தேன். “எரிக்கப்பட்டன” என்பதையும் பாருங்கள். யாரால்?


பேரக்ஸ் ரோடு பேரன் | புதன், காலை 7:40

அந்த இரண்டு வரியை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதிக் கொடுத்துவிடுங்கள். வியாழக்கிழமை சாயங்காலம் அச்சுக்குப் போகிறது.